தோட்டத்திலிருந்து வெளிநாட்டு வேலைச் சட்டத்தரணி வரை: மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் ஷொப்பிங் பேக் ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார். மகளுக்கு வளைகுடாவில் ஹோட்டல் வேலை சரிவந்திருக்கிறது, மூன்று வாரத்தில் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெண்ணின் பெயர் லெட்சுமி. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் லக்ஷ்மி. அடையாள அட்டையில் லெச்சுமி. அப்பா ஒரு தாளில் கறுப்பையா, இன்னொரு தாளில் கருப்பாயி.

“எல்லாம் ஒரே ஆளுதான் மிஸ். எழுதுனவங்கதான் வேற வேற” என்றார்.

வெளிநாட்டு வேலை, விசா, குடிவரவுச் சட்டம் என்று இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது லண்டனையும் கனடாவையும் பற்றி. நான் முதலில் சொல்வது அந்தப் பையைப் பற்றித்தான். இந்தத் தொழிலில் பத்துக்கு ஏழு நாள் பெயரும் திகதியும் பார்க்கிற வேலை. அந்தப் பிழைகள் எப்படி வந்தன என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும், கொழும்பில் பெரிய அலுவலகம் வைத்திருப்பவருக்குத் தெரியாது. உங்கள் கைமுதல் அதுதான். மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் கரையில் நிற்கப் போகிறீர்கள்?

இந்தத் துறைக்கு இரண்டு கரை உண்டு. ஒன்று, ஆளை அனுப்புகிற கரை. ஏஜென்சி ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, ஏமாற்றிய சப்-ஏஜென்ட் மேல் வழக்கு, வராத சம்பளம், ஊருக்கு வந்து சேராத உடல் எல்லாம் இந்தப் பக்கம். இதற்கு இலங்கைச் சட்டத்தரணியாக இருந்தால் போதும்.

மற்றது, ஆளை எடுக்கிற கரை. அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ கம்பனிக்கும் வேலையாளுக்கும் விசா விண்ணப்பம் செய்வது. அதற்கு அந்தந்த நாட்டின் உரிமம் வேண்டும். இலங்கையில் சத்தியப்பிரமாணம் செய்த கையோடு கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆஜராக முடியாது. அந்த நாட்டுச் சட்டமே அதைக் குற்றம் என்கிறது.

நடுவில் சின்ன வழி ஒன்றும் இருக்கிறது. இங்கே வேலை செய்ய வரும் வெளிநாட்டவருக்கு 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் கீழ் வதிவிட விசா எடுத்துக் கொடுப்பது. நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்காரர்கள் அவ்வப்போது கேட்டு வருவார்கள். மலையகத்தில் இதை மட்டும் நம்பி அடுப்பு எரியாது.

அனுப்புகிற கரையில் ஐந்தாறு வருடம் நின்றுவிட்டு, விருப்பமிருந்தால் எடுக்கிற கரைக்குப் போங்கள் என்பதே என் யோசனை.

படி 2: சட்டத்தரணி ஆவது

கலைப் பிரிவுதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வழி, புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874 இல் தொடங்கியது, சட்டக் கல்விப் பேரவையின் கீழ் நடக்கிறது. நுழைவுப் பரீட்சையில் மொழிக்கு ஒரு தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் ஒரு தாள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி கேட்பார்கள். இதைத் தெரியாமல் உயர்தரம் முடித்துவிட்டு முழிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். உள்ளே போனால் மூன்று வருடம், அப்புறம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

இன்னொரு வழி பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டமாணிப் பட்டம் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. பட்டத்தோடு வந்தால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை இல்லை, ஆனாலும் கல்லூரியின் இறுதிப் பரீட்சைகளை எழுதித்தான் சட்டத்தரணி ஆகலாம்.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. ஆகவே தமிழில் எழுத இடம் இருக்கிறது. எழுதுங்கள். ஆனால் இந்தத் துறைக்குத்தான் வருவேன் என்றால் ஆங்கிலத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விசா மறுப்புக் கடிதம் தமிழில் வருவதில்லை.

காசு விஷயம். கல்லூரிக் கட்டணத்தைவிட கொழும்பில் தங்குகிற செலவுதான் ஆளை முறிக்கும். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் மாலையில் டியூஷன் கொடுத்தார்கள், இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்த்த இருவருமே இன்று இந்தத் துறையில் நன்றாக இருக்கிறார்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

படி 3: சிங்களம்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களின் மொழி சிங்களம். ஹட்டன் நீதவான் நீதிமன்றத்திலும் பதுளையிலும் கண்டி மேல் நீதிமன்றத்திலும் வழக்கேடு சிங்களத்தில்தான் ஓடும். கட்சிக்காரர் தமிழ், சாட்சி தமிழ், சட்டத்தரணி தமிழ், ஏடு சிங்களம். மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் வழக்குத் தவணை போகும். பேச்சுச் சிங்களம் நம் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவிலேயே வந்துவிடும். பிரச்சினை எழுத்துச் சிங்களத்தில். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியைக் கையெழுத்தில் வாசிக்கப் பழகுங்கள். பயிற்சிக் காலத்தில் தினம் ஒரு முறைப்பாடு வாசித்தால் ஆறு மாதத்தில் கண் பழகும்.

படி 4: யாரிடம் பயிற்சி எடுப்பது?

பெரிய பெயர் உள்ள சீனியரிடம் போய் ஃபைல் தூக்குவதைவிட, மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் இரண்டும் செய்கிற நடுத்தர சீனியர் ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் மூன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்: சத்தியக் கடதாசி எழுதுவது, அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதுவது, கட்சிக்காரரிடம் கதை கேட்பது. மூன்றாவதுதான் கஷ்டம். வெளிநாட்டிலிருந்து அடிபட்டு வந்த பெண் நேராகக் கதை சொல்ல மாட்டார். சம்பளப் பாக்கியில் தொடங்குவார், நாலாவது சந்திப்பில்தான் நடந்ததைச் சொல்வார். பக்கத்தில் அண்ணனோ புருஷனோ உட்கார்ந்திருந்தால் அதுவும் வராது. “அண்ணே, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்று அவரை வெளியே அனுப்பத் தெரிய வேண்டும்.

சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டானது. நீதிமன்றங்களை ஒட்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சில மாதம் உதவியாகப் போனால் காசு கிடைக்காது, ஆனால் கதை கேட்கிற காது கிடைக்கும்.

படி 5: பெயர், பிறந்த திகதி, ஊர்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் வாசிப்பேன் என்கிறவர் இந்தப் பகுதியை வாசிக்கட்டும்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அதை அறிவிக்கிற பொறுப்பு துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், இருந்தது. ஆபீஸ் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதினார். அது பதிவாளரிடம் போய் இன்னொரு மொழி எழுத்தில் ஏறியது. பாடசாலையில் சேர்க்கும்போது வாத்தியார் தனக்குச் சரியென்று பட்ட எழுத்தைப் போட்டார். அடையாள அட்டைக்கு இன்னொருவர் ஆங்கிலத்தில் நிரப்பினார். இப்படித்தான் லெட்சுமிக்கு மூன்று பெயர்.

இதற்கு வழி இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெயர் மாற்றம் ஒரு விண்ணப்பம், எழுத்துப் பிழை திருத்தம் வேறொரு விண்ணப்பம், பதியவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவு மூன்றாவது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். புதிதாக வரும் சட்டத்தரணிகள் தவறான விண்ணப்பத்தை நிரப்பி இரண்டு மாதத்தைக் கரைப்பது வழக்கம். முதலில் கேள்வி இது: பெயர் பிழையாக எழுதப்பட்டதா, அல்லது பெயரே மாறிவிட்டதா? கறுப்பையா கருப்பாயி ஆனது பிழை. ராணி என்று பதிந்தவர் தேவாலயத்தில் மேரி ஆனது மாற்றம்.

ஆதாரம் தேடும்போது வீட்டோடு நிற்காதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவு, செக்ரோல் என்கிற வேலை வரவுப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேடு, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் பழைய அலுமாரிகளில் கிடக்கும். பழைய தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். வேலை கிடைத்த பிறகு எடுத்த தாளை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நான் முதல் வருடத்தில் செய்த பிழையையும் சொல்கிறேன். ‘இன்னார் என்பவரும் இன்னார் என்பவரும் ஒரே ஆள்’ என்று ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தேன். மூன்று எழுத்து வடிவம் இருந்தது, நான் இரண்டைத்தான் எழுதினேன். மூன்றாவது வடிவம் தடுப்பூசி அட்டையில் இருந்தது, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பார்த்தார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது, அந்தப் பையனுக்கு வேலை போனது. அன்றிலிருந்து கட்சிக்காரரின் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு தாளிலும் பெயர், அப்பா பெயர், திகதி, பிறந்த இடம் எப்படி இருக்கிறது என்று கோடு போட்ட தாளில் அட்டவணையாக எழுதிய பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

திகதி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ஒரு பெயர் போதும்: மூதூர் ரிசானா நபீக். பிறப்புச் சான்றிதழில் அவர் பிறந்த வருடம் 1988. வேலைக்கு அனுப்பியவர்கள் எடுத்த கடவுச்சீட்டில் 1982. 2005 இல் சவூதியில் கைக்குழந்தை ஒன்று இறந்தபோது அவருக்கு 17 வயது, தாளின்படி 23. அந்தச் சாவுக்காக 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த ஆறு வருடத்தைத் தாளில் கூட்டியது யாரோ ஒரு தரகர்.

இன்னொரு சிக்கல் குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது, அப்பா பெயர்தான். வெளிநாட்டுப் படிவம் விடாது. அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறினால் புருஷனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு மூன்றாவது. ‘இவர்கள் ஒரு குடும்பமா?’ என்று விசா அதிகாரி கேட்பார். தமிழ்ப் பெயர் வழக்கத்தை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியவற்றில் அதிகம் பிரதி எடுக்கப்பட்டது அந்தக் கடிதம்தான்.

படி 6: பணியகச் சட்டத்தைக் கரைத்துக் குடியுங்கள்

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம். அதன் திருத்தங்களையும் சேர்த்து ஒரு பிரதி பையில் இருக்கட்டும். உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். போவதற்கு முன் பணியகத்தில் பதிய வேண்டும், பதிவோடு காப்புறுதி வரும். முறைப்பாடு செய்தால் பணியகம் ஏஜென்சியை அழைத்து விசாரிக்கும். அவசரத்துக்கு 1989 என்ற இலக்கம்.

ஆனால் வாசலிலேயே உங்களைக் கேட்கும் கேள்வி ‘பதிந்து போனாரா?’ என்பதுதான். விசிட் விசாவில் அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்காக பத்தரமுல்லைக்கு நான்கு தடவை பஸ் ஏறியிருக்கிறேன். பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஏஜென்சி, ‘அந்த சப்-ஏஜென்ட் எங்கள் ஆளே இல்லை’ என்று கைகழுவியது. கடைசியில் காசு கொடுத்த ஒரு ரசீது, அதுவும் கையால் எழுதியது, அந்த ஏஜென்சியின் பழைய விளம்பரத் துண்டின் பின்பக்கத்தில் இருந்ததால் கதை நம் பக்கம் திரும்பியது. எந்தக் கடதாசியையும் முன்பக்கத்தோடு விட்டுவிடாதீர்கள்.

கொரியா வேலை அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலானது, பணியகம் வழியாகத்தான் போகும். கொரியாவுக்கு அனுப்புகிறேன் என்று தனியார் ஒருவர் காசு கேட்டால் அது மோசடி. இதைத் தோட்டத்தில் கோயில் கூட்டத்தில் சொன்னாலே நாலு குடும்பத்தின் நகை தப்பும்.

ஏமாற்று எல்லை தாண்டினால் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு இருக்கிறது. ஆட்கடத்தலுக்காக 2006 இல் இப்போதைய வடிவுக்கு வந்தது. பொலிஸ் அதை ‘காசு கொடுக்கல் வாங்கல்’ என்று சுருக்கி எழுதப் பார்க்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் சேர்ந்தது. நம் ஆட்களை அதிகம் எடுக்கும் வளைகுடா நாடுகள் சேரவில்லை. அந்தச் சமவாயத்தை மனுவில் காட்டலாம், அதை நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம்.

கொஞ்சம் பழங்கதை

வளைகுடாவின் கஃபாலா முறையை, அதாவது விசாவை முதலாளியோடு கட்டிவைக்கும் முறையை, கொழும்பு நண்பர்களுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும். நம் தாத்தாமாருக்கு ஒரே சொல்: துண்டு. கடனைத் தீர்த்துவிட்டார் என்று துரை கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒருவர் இன்னொரு தோட்டத்தில் பெயர் போட முடியாது. 1921 இல்தான் அது ஒழிந்தது. அதற்கு முன்பே, 1889 இல், இந்தியத் தொழிலாளருக்கென்று தனிக் கட்டளைச்சட்டம் இருந்தது. பிறகு நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 2003 இல் பிரஜாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை வழக்கு முடியவில்லை. வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவரின் அந்தஸ்து என்ன என்ற கேள்வியை நூற்றாண்டுக்கு மேல் சுமந்த மக்கள் நாம். இந்தச் சட்டங்களைப் பரீட்சைக்காக இல்லாமல் வாசியுங்கள். அடுத்த படியில் இவை உடனே வேலைக்கு வரும்.

படி 7: அந்தக் கரையின் சட்டம்

அமெரிக்காவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், தர்க்கம் பிடிபட்டால் மற்றவை எளிது. வேலை அடிப்படையில் வருடத்துக்கு ஏறத்தாழ 140,000 குடியேற்ற விசா, ஐந்து பிரிவு. பெரும்பாலும் முதலாளி முதலில் தொழில் திணைக்களத்தில், ‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை’ என்ற சான்றை வாங்க வேண்டும். பிறகு குடிவரவுச் சேவையில் ஐ-140 மனு. அப்புறம் வரிசை. தாதியருக்கு அந்த ஆள் தேடும் சோதனை தேவையில்லை, மனுவோடு தொடங்கலாம். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அந்த நாடு எது என்பதைத் தீர்மானிப்பது பிறந்த இடம். கடவுச்சீட்டு அல்ல.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அக்கா தங்கை இருவர். ஒப்பந்தத்தில் அக்கா கப்பலேறி நீலகிரி கூடலூருக்குப் போனார், தங்கை கொட்டகலையில் நின்றார். இருவரின் பேத்திகளும் தாதியர், ஒரே மருத்துவமனை இருவருக்கும் ஒரே நாளில் மனுப்போடுகிறது. கொட்டகலையில் பிறந்தவர் இலங்கை வரிசையில், சில வருடத்தில் முடியும். கூடலூரில் பிறந்தவர் இந்திய வரிசையில், பத்து வருடத்தைத் தாண்டும். ஆனால் அவர் கட்டிக்கொண்டவர் இலங்கையில் பிறந்தவர் என்றால், கணவரின் பிறந்த நாட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். மலையகக் குடும்பம் ஒன்றில் ‘உங்க வீட்டுக்காரர் எங்க பிறந்தவர்?’ என்று கேட்கத் தோன்றுவது நம் சட்டத்தரணிக்குத்தான்.

அங்கே தொழில் செய்ய ஏதாவது ஒரு மாநிலத்தின் உரிமம் போதும், குடிவரவு மத்திய சட்டம் என்பதால் நாடு முழுக்கச் செய்யலாம். வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கு நியூயோர்க்கும் கலிபோர்னியாவும் பரீட்சைக்கு இடம் கொடுக்கின்றன. பிரித்தானியாவில் 2021 இல் வந்த எஸ்.கியூ.ஈ. என்கிற சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை. கனடாவில் தேசிய அங்கீகாரக் குழு நம் பட்டத்தை மதிப்பிட்டு, எந்தப் பாடம் எழுத வேண்டும் என்று சொல்லும். அவுஸ்திரேலியாவில் அந்த நாட்டின் முழு உரிமம் உள்ள சட்டத்தரணிகள் 2021 முதல் குடிவரவு முகவர் பதிவு இல்லாமலே இந்த வேலை செய்யலாம்.

பிரித்தானியச் சட்டம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலையில் நின்றது. அதன் பிறகும் ‘சி.ஓ.எஸ். (முதலாளி கொடுக்கும் அனுசரணைச் சான்று) இருக்கு’ என்று காசு வாங்கியவர்களைக் கேள்விப்பட்டேன். அனுசரணையாளரான முதலாளியின் உரிமம் பறிபோனால் வேலையாளுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம்தான். துண்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கடை திறப்பது

முதல் மூன்று வருடம் இந்தத் துறை மட்டும் சோறு போடாது. நொத்தாரிசாகவும் தகுதி பெறுங்கள், அற்றோணித் தத்துவமும் காணி உறுதியும் வாடகையைக் கட்டும். கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். ‘விசா கிடைத்தால் இவ்வளவு’ என்று பேசினால் நீங்கள் தரகர்.

ஏஜென்சிக்காரர்கள் தேடி வருவார்கள். ‘ஆள் அனுப்புங்க மிஸ், தலைக்கு இவ்வளவு’ என்பார்கள். அதில் ஒரு தடவை கை நனைத்தால், நாளைக்கு அதே ஏஜென்சிக்கு எதிராக உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நீங்கள் ஆஜராக முடியாது. கட்சிக்காரரின் கடவுச்சீட்டை ஒரு இரவுகூட அலுவலகத்தில் வைக்க வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கண்டியில் இருக்கும் கடவுச்சீட்டு அலுவலகக் கிளையையும் தாள்களை அத்தாட்சிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவின் கிளையையும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். ஹட்டனிலிருந்து போகிறவருக்கு ஒரு நாள் செக்ரோலில் பெயர் விழாமல் போனால் அன்றைய சம்பளமும் போகும்.

லெச்சுமி மூன்று வாரத்தில் போகவில்லை. கருப்பாயியைக் கறுப்பையா ஆக்க டிஸ்பென்சரிப் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது, அதுவும் கரையான் விட்டுவைத்த பக்கம். ஏழாவது வாரம், பணியகத்தில் பதிந்து, காப்புறுதியோடு ஏறினாள். போகும் முன் எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக் கொடுத்தேன். அம்மா அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாக ஷொப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டார்.